சாவா மூவாக் கணக்கு

தொண்டைநாட்டுக் கோயில் கல்வெட்டுகளைப் படிக்கப் புகுகிறவருக்கு முதலில் பழகிப்போவது ஓர் ஆட்டுக் கணக்கு. யாரோ ஒருவர் கோயிலில் நந்தா விளக்கு ஒன்று எரிவதற்காக 90 ஆடு விடுகிறார். சில ஊர்களில் 96. அந்த ஆடுகளை இடையர் ஒருவர் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பதாக ஒப்புக்கொள்கிறார். எத்தனை காலத்துக்கு? சந்திரனும் சூரியனும் உள்ள வரைக்கும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு. பக்தியில் பிறந்த சொல் என்று கடந்துபோய்விடலாம். ஆனால் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நாலு உழக்கு ஒரு நாழி. ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் 360 உழக்கு, அதாவது 90 நாழி. 90 ஆட்டுக்கு 90 நாழி. ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று ஈடு கட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு பசு இரண்டு ஆட்டுக்குச் சமம், ஓர் எருமை ஆறு ஆட்டுக்குச் சமம். ஆடு சாகும், மந்தை சாகாது. நோயில் சிலது போகும், ஈற்றில் சிலது வரும். கூடினாலும் குறைந்தாலும் கோயிலுக்கு அளக்க வேண்டிய நெய் மாறாது. அப்படியானால் நட்டத்தின் அபாயம் இடையர் தலையில். பெருகுகிற குட்டிகள் அந்த அபாயத்துக்கான கூலி. முடிவில்லாமல் நீளும் ஒரு வருமானத்துக்கு இன்று எவ்வளவு முதல் கட்ட வேண்டும், அதற்கிடையே வரும் ஏற்ற இறக்கத்தை யார் சுமப்பது என்பதுதான் இங்கே கேள்வி. உலகத்துப் பெரிய வங்கிகளில் கணிதம் படித்தவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டு போடும் கணக்கின் வேர் இதே கேள்விதான்.

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரிலிருந்து திருப்போரூர் வரைக்கும் வரிசையாகக் கல்லூரிகளும் மென்பொருள் நிறுவனங்களும் நிற்கின்றன. அங்கே கணிதம் படிக்கும் பிள்ளைகள் பலரிடம் ஒரு குழப்பம் உண்டு. நிதி நிறுவனங்களில் கணித வேலைக்கு, அவர்கள் சொல்லும் ‘குவான்ட்’ வேலைக்குப் போக வேண்டுமென்றால், பல்கலைக்கழகத்தில் எந்தெந்தக் கணிதப் பாடத்தை எடுப்பது? நிதிப் பொறியியல் என்று பெயர் போட்டிருப்பதையா, மெய்ப் பகுப்பாய்வையா? நிகழ்தகவையா, நிரலாக்கத்தையா? இதை நேற்று முளைத்த கேள்வியாக எண்ணிக்கொள்கிறோம். ஆனால் நெல்லையும் பொன்னையும் கணக்கிட்டுப் பிழைக்க எந்தக் கணக்கைப் படிக்க வேண்டும் என்பதற்கு இந்தச் செங்கல்பட்டு வட்டாரம் ஒரு முழுப் பாடத்திட்டத்தையே வகுத்து, பல தலைமுறை நடத்தி, பிறகு அடியோடு இழந்துவிட்டது. அது எதனால் சிறந்தது, எதனால் அழிந்தது என்பதை ஒழுங்காகப் பார்த்தால் இன்றைய கேள்விக்கு ஒரு விடை கிடைக்கும் என்பது என் வாதம். விடையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வேலைக்கு மிக நெருக்கமாகத் தோன்றும் பாடம்தான் முதலில் மூப்படைகிறது.

சான்றுகளுக்கு வருவோம். செங்கல்பட்டு வட்டாரத்தில் பணக் கணக்கு அரசனுடைய கருவூலத்தோடு நின்றுவிடவில்லை. ஊர் தோறும் இருந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓலை போட்டு எந்தெந்த வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஏரி வாரியம், தோட்ட வாரியம், இவற்றோடு பொன் வாரியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்று விதித்திருந்தார்கள். கணக்குக் காட்டாதது தனி மனிதர் குற்றம் என்பதைத் தாண்டி, குடும்பத்தையே பொறுப்பாக்கும் அளவுக்குப் பெரிய குற்றமாக இருந்திருக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் முதலாம் ராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, ஊரார் ஒன்றுகூடி வரிக்குரிய நிலங்களைக் கூறுபோட்டுக்கொண்ட உடன்பாட்டைச் சொல்கிறது. அலை சத்தம் கேட்கும் தூரத்தில், கல்லில், ஒரு பங்கீட்டுக் கணக்கு.

வட்டிக்குக் கல்வெட்டுச் சொல் பொலிசை, சில இடங்களில் பலிசை. ராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. இன்றைய பேச்சில் 12½ சதவீதம். இதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். 37 காசு முதலுக்கு ஓராண்டுப் பொலிசை எவ்வளவு? நாம் காகிதத்தில் 37-ஐ எட்டால் வகுத்து 4.625 என்போம். கணக்கர் வகுக்க மாட்டார். முப்பதுக்கு அரைக்கால் மூன்றே முக்கால்; ஏழுக்கு அரைக்கால் முக்காலே அரைக்கால்; இரண்டும் சேர்ந்து நாலரையே அரைக்கால். மூச்சு விடும் நேரத்தில் விடை வந்துவிடும். காரணம், பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தது. கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கிப் பதினாறில் ஒன்றுக்கு வரும் ஒரு படிக்கட்டு. மா, காணி, முந்திரி என்று இருபதில் ஒன்று, எண்பதில் ஒன்று, முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு இறங்கும் இன்னொரு படிக்கட்டு. முந்திரிக்கும் கீழே, முந்நூற்றிருபதில் ஒன்றை மறுபடி முந்நூற்றிருபதாகப் பங்கிட்டால் கீழ்முந்திரி: 1,02,400-இல் ஒரு பங்கு. இத்தனை நுண்மையான பின்னம் எதற்கு என்றால், பலருக்குப் பிரிந்துகொண்டே போகும் ஒரு நிலத்தின் விளைச்சலில் ஒருவருடைய பங்கு மிகச் சிறுத்துப்போகும் என்பதற்காகத்தான்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். 1826-இல் ஆளுநர் மன்றோ தொகுத்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அங்கே படிப்பு மணலில் விரலால் எழுதுவதில் தொடங்கும். பிறகு பொன்னிலக்கம், நெல்லிலக்கம். அதாவது எண்ணின் வரிசையும் பணத்தின் வரிசையும் ஒன்று, நெல்லளவின் வரிசை இன்னொன்று. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று ஏறும் அந்த ஏணியில் எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அதற்குப் பின் எண்சுவடி: முழு எண்ணுக்கு மட்டுமல்லாமல் முந்திரிக்கும் காணிக்கும் மாவுக்கும்கூட வாய்பாடு. நிலப் பரப்பைக் காண ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் குழிமாற்று வாய்பாடு. காலையில் சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திரும்பச் சொல்ல வேண்டும். இதெல்லாம் தேறிய பிறகுதான் காரிநாயனார் பெயரில் வழங்கும் கணக்கதிகாரம் போன்ற நூல்கள். நிலம், பொன், நெல், அரிசி, கல் என்று பொருள்வாரியாகக் கணக்கு வழிகளைச் சொல்பவை. பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று காணும் வழிகூட அதில் உண்டு. அதற்கும் அப்பால் தொழிலுக்குப் போகிற பையன் மூத்த கணக்கப்பிள்ளை ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஓலை எழுதிப் பழகுவான். எண், பின்னம், அளவை, நூல், களம் என்று வரிசை பிசகாத படிப்பு.

அந்தப் படிப்பு என்ன சாதித்தது என்பதற்குச் செங்கல்பட்டைவிட நல்ல சான்று வேறு எங்கும் கிடைக்காது. ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763-இல் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தன் கைக்கு வந்த நாடு எவ்வளவு விளையும், யாருக்கு எவ்வளவு போகிறது என்று அறிய, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை வைத்து 1767 முதல் 1774 வரை கம்பெனி ஓர் ஆய்வு நடத்தியது. 2,000-க்கும் மேற்பட்ட ஊர்கள். ஆய்வு பர்னார்டு பெயரில் இருந்தாலும், அதன் உள்ளடக்கம் ஊர்க் கணக்கப்பிள்ளைகளின் ஓலைகளிலிருந்து வந்தது. வீடு எத்தனை, எந்தத் தொழில் செய்பவர் எத்தனை பேர், நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி எத்தனை என்று தொடங்கி, களத்து நெல் குவியலிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு என்பது வரை அதில் இருக்கிறது. கோயிலுக்கு, ஏரிப் பராமரிப்புக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, வெட்டியாருக்கு, கணக்கப்பிள்ளைக்கு என்று சுவதந்திரம், மேரை என்ற பெயர்களில் பங்குகள் பிரிந்துபோன பிறகுதான் மிச்சத்தில் அரசுக்கு மேல்வாரம், உழவருக்குக் குடிவாரம். சிலருக்கு நெல்லில் பங்கு, சிலருக்கு வரியில்லாத மானிய நிலம். நெல்லில் பங்கு பெறுகிறவர் அந்த ஆண்டு மழையோடு கட்டுண்டவர். மானியம் பெறுகிறவர் நிலத்தையே கையில் வைத்திருப்பவர். அவருடைய ஏற்ற இறக்கம் வேறு கணக்கு. குவியலில் யார் கை முதலில் விழுகிறது, யார் கை கடைசியில் விழுகிறது என்பதைப் பொறுத்து பஞ்ச காலத்தில் யார் பட்டினி கிடப்பார் என்பது தீர்மானமாகும். கடன் பத்திரங்களை அடுக்கடுக்காகப் பிரித்து விற்கும் இன்றைய வங்கித் தொழிலில் இந்த முன்னுரிமை வரிசைக்கு மிகுந்த மதிப்பு. செங்கல்பட்டுக் களத்தில் அதை மரக்காலால் அளந்தார்கள்.

ஊர்க் கணக்கரையும் நியூயார்க் வங்கியில் சமன்பாடு எழுதுகிறவரையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது என்று மறுப்பவர்கள் இருக்கலாம். கருவிகள் வேறு என்பது உண்மைதான். ஊர்க் கணக்கரிடம் வகைநுண்கணிதம் இல்லை, நிகழ்தகவு என்ற பெயரே இல்லை. ஆனால் நாளை வரப்போகும் விளைச்சலுக்கு இன்று ஒரு மதிப்பு வைப்பது, ஆட்டையும் பசுவையும் எருமையையும் ஒரே அலகுக்குக் கொண்டுவருவது, அபாயத்தைப் பிரித்து ஒவ்வொருவர் பங்கையும் எழுத்தில் கட்டுவது ஆகிய மூன்றும் நிதிக் கணிதத்தின் உயிர்ப் பகுதிகள். அவை மூன்றும் இங்கே இருந்தன. ஒப்பீட்டுக்கு அது போதும்.

இன்னும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு: திண்ணைப் படிப்பு வெறும் மனப்பாடம்தானே? இதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கணிதப் பயிற்சியின் வரலாற்றை ஆராய்ந்து 2022-இல் நூல் எழுதிய செந்தில் பாபு, அங்கே நினைவாற்றல் என்பது புரிதலுக்கு மாற்றாக இருக்கவில்லை, அதுவே கற்கும் வழியாக இருந்தது என்று வாதிடுகிறார். 37 காசுக் கணக்கைப் பார்த்தால் அது சரியென்றே படுகிறது: வாய்பாடு தெரிந்தால் மட்டும் போதாது, எதை எதோடு பிரித்துக் கூட்டுவது என்ற தேர்வும் வேண்டும். ஆனால் அந்த முறையின் எல்லையையும் மறைக்கக் கூடாது. 1825-இல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்ற நூலை வெளியிட்ட ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்தில் இருந்த வாக்கியங்களை, அதாவது எண்களைச் சொற்களாக்கிய தொடர்களைக் கொண்டு அந்த ஆண்டு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கம் சில நிமிடப் பிழையில் அமைந்தது. முடிவு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பிழையில். காகிதம் இல்லை, எழுத்து இல்லை. பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாக்கியங்கள் எந்தக் கோட்பாட்டிலிருந்து வந்தன என்பது அவருக்குத் தெரியவில்லை என்றும் வாரன் பதிவு செய்கிறார். வாக்கியத்தில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்துவிட்ட பிழையைத் திருத்த வேண்டுமென்றால் அவரால் இயலாது. திருத்த வேண்டிய இடம் எது என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்.

கணக்கப்பிள்ளைகளின் கணக்குக்கும் அதே கதி நேர்ந்தது. அது தன் வேலையோடு இறுகப் பிணைந்த கணக்கு. மாவும் காணியும் நிலத்தோடு, குறுணியும் கலமும் நெல்லோடு, வீசம் அணாவோடு கட்டுண்டிருந்தன. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதால் பதினாறில் ஒன்றான வீசத்துக்கு நாணயத்திலும் இடம் இருந்தது. நெல்லாக வாங்கிய வரி பணமானது. களத்துப் பங்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எண்சுவடி அச்சேறிச் சந்தைக்கு வந்தாலும், பள்ளிக்கூடத்துக்குள் மேலைநாட்டு எண்கணிதம் நுழைந்துவிட்டது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணயம் வந்தது. 1958-இல் மெட்ரிக் எடையும் அளவையும் தொடங்கின. 1980-இல் தமிழ்நாட்டு அரசு கர்ணம், மணியம் என்ற பரம்பரை ஊர்ப் பதவிகளையே ஒழித்தது. பரம்பரை உரிமை போனது நல்லதுதான். ஆனால் ஒரு மனிதனின் வாழ்நாள் காலத்துக்குள் ஓராயிரம் ஆண்டுப் பயிற்சி பயனற்றதாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முந்திரி வாய்பாடு பிழையாகிவிடவில்லை. அதற்கு இருந்த களம் மறைந்தது. வேலையின் வடிவத்துக்கே அளவெடுத்துத் தைத்த படிப்பு, வேலை போனதும் கூடவே போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கதையும் இதே மண்ணிலிருந்து தொடங்குகிறது. 1940-இல் சென்னையில் பிறந்த எஸ்.ஆர்.எஸ். வரதனின் தந்தை, அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த பொன்னேரியில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். வரதன் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்தார். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1963-இல் முனைவர் பட்டம் பெற்று நியூயார்க் கூரன்ட் நிறுவனத்துக்குப் போனார். அங்கே டேனியல் ஸ்ட்ரூக்கோடு சேர்ந்து 1969-இல் ஒரு பெரிய வேலை செய்தார்: ஒழுங்கின்றி அலையும் ஒரு துகளின் இயக்கத்தை மார்ட்டிங்கேல் என்ற கருத்தைக் கொண்டு வரையறுப்பது. மார்ட்டிங்கேலை எளிமையாகச் சொன்னால், இதுவரை நடந்தது எல்லாம் தெரிந்திருந்தாலும் அடுத்த அடி சராசரியில் கூடவும் செய்யாது குறையவும் செய்யாது என்னும் நேர்மையான ஆட்டம். பங்குச் சந்தை அவருடைய நோக்கத்தில் இல்லை. அதற்கும் முன்னால் 1944-இல் ஜப்பானியர் கியோசி இட்டோ தற்செயல் நுண்கணிதத்துக்கு அடித்தளம் போட்டபோதும் சந்தை அவர் நினைவில் இல்லை. 1900-லேயே பாரிசில் லூயி பஷலியே சந்தை விலைகளைத் தற்செயல் நடையாகக் கணித்து ஆய்வேடு கொடுத்திருந்தார்; பல்லாண்டுகள் அதைப் பொருட்படுத்தியவர் குறைவு. 1973-இல் சிகாகோவில் ஆப்ஷன் சந்தை, அதாவது பின்னால் குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையை வணிகம் செய்யும் சந்தை, திறந்தது. அதே ஆண்டில் பிளாக், ஷோல்ஸ் எழுதிய கட்டுரை ஆப்ஷனுக்கு விலை காணும் சூத்திரத்தைத் தந்தது. 1979-இலிருந்து ஹாரிசன், கிரெப்ஸ், பிளிஸ்கா மூவரும், அந்த விலையின் அடியில் இருப்பது மார்ட்டிங்கேல்தான் என்று காட்டினார்கள். ஆக, சந்தைக்கு வேண்டிய கணிதம் சந்தை திறக்கும் முன்பே தயாராக இருந்தது; அதைச் செய்து வைத்தவர்களில் பெரும்பாலோர் சந்தைக்காகச் செய்யவில்லை. 2007-இல் ஆபெல் பரிசு வரதனுக்கு முக்கியமாகப் பெருவிலகல் கோட்பாட்டுக்காகக் கிடைத்தது. மிக அரிதாக நடக்கும் பெரிய விபத்தின் வாய்ப்பை அளக்கும் அந்தக் கோட்பாட்டின் தொடக்கம், 1938-இல் ஸ்வீடன் நாட்டுக் காப்பீட்டுக் கணிதரான ஹரால்டு கிராமேர் செய்த வேலையில் இருக்கிறது. களமும் கோட்பாடும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆனால் நிலைத்து நின்றது கோட்பாடு.

இந்தியாவில் குறியீட்டு எதிர்கால ஒப்பந்த வணிகம் 2000 சூனில் தொடங்கியது. மறு ஆண்டு குறியீட்டு ஆப்ஷன்கள். அப்போதுதான் இந்தக் கணிதத்துக்கு இந்த மண்ணிலேயே வேலை பிறந்தது. 1989-இல் சி.எஸ். சேஷாத்திரி சென்னையில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம். 1998-இல் இளங்கலைப் படிப்பைத் தொடங்கி, 2005-இல் சிறுசேரிக்குக் குடிபெயர்ந்தது. சேஷாத்திரி இயற்கணித வடிவியல் அறிஞர். நிதிக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆனால் அவர் கட்டிய இடத்திலேயே பிறகு நிதிக் கணிதம் உள்ளிட்ட பயன்பாட்டுக் கணித முதுகலையும், 2018-இல் தரவு அறிவியல் முதுகலையும் வந்தன. அதன் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்த ராஜீவ கரந்திகர் தற்செயல் நுண்கணிதத்தில் பெயர் பெற்றவர்; 2000-இல் கோபிநாத் கல்லியன்பூரோடு ஆப்ஷன் விலைக் கோட்பாடு பற்றி நூல் எழுதினார், 2018-இல் பி.வி. ராவோடு தற்செயல் நுண்கணிதம் பற்றி இன்னொன்று. வரிசையைப் பாருங்கள்: முதலில் தூய கணிதம், அதன் மேல் நிகழ்தகவு, அதன் மேல் நிதி. திண்ணையில் இருந்த அதே ஏறுவரிசை.

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பேச்சு உதவுமா என்ற கேள்வி நியாயமானது. செங்கல்பட்டு அரசுக் கலைக் கல்லூரியில் கணிதம் படிக்கும் ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்டு முடிந்ததும் சம்பளம் வேண்டும். வேலை அறிவிப்பில் நிரலாக்கம் கேட்கிறார்கள், மெய்ப் பகுப்பாய்வு கேட்பதில்லை. ஒப்புக்கொள்கிறேன், நிரலாக்கம் கட்டாயம் படிக்கத்தான் வேண்டும். அது இன்றைய எண்சுவடி. கை ஓடாவிட்டால் வேறெதுவும் ஓடாது. ஆனால் எண்சுவடியோடு நின்றவன் கணக்கப்பிள்ளை ஆகவில்லை. நிரல்மொழி பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல், மெய்ப் பகுப்பாய்வு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, இவற்றை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் வயதில் படிக்காவிட்டால் பிறகு தனியாகப் படிப்பது மிகக் கடினம். ஆப்ஷன் விலைச் சூத்திரத்தையோ சந்தைச் சட்டத்தையோ வேலைக்குப் போன பின் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். வகுப்பறையில் எது கிடைத்தற்கரியதோ அதை வகுப்பறையில் எடுக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. திண்ணைக் கணக்கு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பெண்களும் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதியினரும் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். களத்தில் அவர்கள் பங்கை எழுதியவர் வேறொருவர், அந்த எழுத்தைச் சரிபார்க்கும் வழி அவர்களிடம் இல்லை. ஆழமான பாடங்களை வசதியுள்ளவர்களுக்கு விட்டுவிட்டு மற்றவர்களுக்கு வெறும் கருவிப் பயிற்சி கொடுத்தால் அந்தப் பழைய திண்ணையையே மறுபடி கட்டுகிறோம். அரசுக் கல்லூரியில் நிகழ்தகவின் அடித்தளமான அளவைக் கோட்பாடு விருப்பப் பாடமாகவாவது இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆழக் கணிதம் கற்றவர்களும் தோற்றிருக்கிறார்களே என்பது கடைசி மறுப்பு. 1998-இல் கவிழ்ந்த லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தில் ஷோல்சும், அவரைப் போலவே நிதிக் கணித அறிஞரான மெர்ட்டனுமே பங்காளிகள். இருவரும் அதற்கு முந்தைய ஆண்டுதான் நோபல் பரிசு பெற்றிருந்தார்கள். இந்த மறுப்பு வலுவானது. இதற்கான பாடமும் செங்கல்பட்டில் இருக்கிறது. 1794-இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து, நாடு முழுவதற்குமான திரிகோண அளவையைத் தொடங்கினார். திரிகோணவியலில் ஊர்க் கணக்கர்கள் கம்பெனிக்கு அருகில்கூட வர முடியாது. ஆனாலும் 1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேசுக்கு ஓர் ஊரின் விளைச்சல் யாருக்கு எப்படிப் பிரிகிறது என்று தெரியவில்லை. கணக்கப்பிள்ளைகளும் மிராசுதாரர்களும் மறைக்கிறார்கள் என்ற ஐயம் அவரை விடவே இல்லை. கோணத்தை அளக்கத் தெரிந்த கம்பெனிக்குக் குவியலைப் படிக்கத் தெரியவில்லை. கோட்பாடு மூப்படையாது என்பது உண்மை. அதைக் கொண்டு எதை எண்ணுவது என்பதைக் களம்தான் சொல்லும். ஆகவே ஆழப் பாடங்களை எடுக்கும் மாணவர், ஒரு பருவத்திலாவது உண்மையான கணக்கு ஒன்றைக் கையில் எடுத்து, யாருக்கு எவ்வளவு, எந்த வரிசையில், யார் அபாயத்தில் என்று கேட்டுப் பழக வேண்டும்.

அதற்கான ஓலைகள் இன்னும் இருக்கின்றன. பர்னார்டு காலத்துச் செங்கல்பட்டு ஊர்க் கணக்கு ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கை எம்.டி. சீனிவாஸ், டி.ஜி. பரமசிவம், டி. புஷ்கலா மூவரும் பதிப்பித்து 2001-இல் சென்னையில் வெளியிட்டார்கள். வரலாற்று மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். கணித மாணவர்களின் கைக்கும் அவை போக வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் கணிதத் துறை ஒவ்வொன்றும் நிகழ்தகவு வகுப்புக்குப் பக்கத்தில் இந்த ஓலைக் கணக்குக்கு ஒரு பருவம் ஒதுக்கட்டும். சிறுசேரியிலிருந்து திருப்போரூருக்கு அதே சாலையில் தெற்கே போனால் போதும். நகரப் பேருந்தே போகிறது.